நஞ்சைப் பிடித்து வைக்கும் மண்

(மேல்கோட்டையில் தமிழன்பர்கள் கூடிய மாலைக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இன்று காலை கல்யாணித் தீர்த்தத்தின் படியில் சிறிது நேரம் உட்கார்ந்திருந்தேன். திரும்பி வரும் வழியில் ஒரு கட்டி திருமண் வாங்கினேன். இதோ, என் கையில் இருக்கிறது. விரலால் தேய்த்தால் மாவு போல ஒட்டுகிறது. இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டுக் குழைத்தால் வெண்ணெய் போல வழுக்குகிறது. என் தாத்தா நாள்தோறும் உள்ளங்கையில் இப்படித்தான் குழைப்பார். அந்த ஈரமண் வாசனை இன்னும் என் நினைவில் இருக்கிறது.

இந்த ஊருக்கும் இந்த மண்ணுக்கும் உள்ள உறவு உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தொண்டனூரில் தங்கியிருந்த இராமாநுசருக்குத் திருமண் தீர்ந்துபோனது என்றும், கனவில் கிடைத்த குறிப்பைப் பற்றிக்கொண்டு இந்த யதுகிரிக்கு வந்தார் என்றும், இங்கே திருநாராயணனையும் வெண்மண்ணையும் சேர்த்தே கண்டெடுத்தார் என்றும் குருபரம்பரை சொல்கிறது. இவ்வூர் நாமமண் காசி வரைக்கும் போனதைப் பழைய மைசூர் கெசட்டியரும் பதிவு செய்திருக்கிறது.

ஆன்மிகம் பேச எனக்குத் தகுதி போதாது. நான் சாம்பலைப் பற்றிப் பேச வந்தவன். நிலக்கரி எரிந்தபின் மிஞ்சும் சாம்பலும், எரியும்போது புகையோடு கிளம்பும் நஞ்சும்தான் என் பொருள். அந்தக் கதையின் நடுவில் இந்த வெண்மண்ணே வந்து நிற்பதால், அதைச் சொல்ல இதைவிடப் பொருத்தமான ஊர் எனக்குத் தெரியவில்லை.

முதலில் மண்ணின் பிறப்பைப் பார்ப்போம். நம்மைச் சுற்றி நிற்கும் இந்தப் பாறைகளை உற்றுப் பாருங்கள். அவற்றில் வெளிறிய நிறத்தில் தெரியும் மணிகளில் பெரும்பாலானவை ஃபெல்ட்ஸ்பார் என்ற கனிமம். மழையும் காற்றும் நெடுங்காலம் அரித்தால், அதிலுள்ள சோடியமும் பொட்டாசியமும் நீரோடு கரைந்து போகும். கரையாமல் மிஞ்சும் அலுமினியமும் சிலிக்கனும் மெல்லிய தகடுகளாக, அப்பளக் கட்டு போல அடுக்கடுக்காகச் சேரும். அதுதான் கயோலினைட். வெண்களிமண்ணின் உயிர் அது. சீனாவில் பீங்கானுக்கு மண் எடுத்த காவ்லிங் என்ற இடத்தின் பெயரிலிருந்து கயோலின் என்ற சொல் வந்தது. காவ்லிங் என்றால் உயர்ந்த குன்று என்று பொருள். மேல்கோட்டை என்ற பெயரிலும் அந்த உயரம் இருக்கிறது.

இந்த மண்டியா மாவட்டத்துக்கு மின்சார வரலாற்றில் ஒரு பெருமை உண்டு. 1902-லேயே சிவசமுத்திரத்தில் காவிரியின் வீழ்ச்சியிலிருந்து மின்சாரம் எடுத்து, கோலார் தங்கச் சுரங்கம் வரை கம்பியில் கொண்டுபோனார்கள். புகையில்லாத மின்சாரம் அது. அதே காவிரி கண்ணம்பாடி அணையைத் தாண்டி, சிவசமுத்திரத்தில் குதித்து, ஒகேனக்கல் வழியாக மேட்டூர் போய்ச் சேரும்போது அங்கே இரண்டு வேலை செய்கிறது. ஒன்று, அணையில் நீர்மின்சாரம். இன்னொன்று, பக்கத்திலேயே இருக்கும் அனல்மின் நிலையத்துக்குத் தண்ணீர். அங்கே எரிவது நிலக்கரி. கர்நாடகத்தில் கிருஷ்ணைக் கரையில் ராய்ச்சூர் நிலையம் 1985 முதல் நிலக்கரியை எரிக்கிறது. தமிழ்நாட்டில் வடசென்னை, தூத்துக்குடி; 2017 வரை எண்ணூரும். பழுப்பு நிலக்கரிக்கு நெய்வேலி. இன்று இந்தியாவின் மின்சாரத்தில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு நிலக்கரியிலிருந்து வருகிறது. இந்த மண்டபத்தின் விளக்கிலும் அந்தக் கரியின் பங்கு இருக்கிறது.

நிலக்கரி என்றதும் வெறும் கார்பன் என்று நினைக்கிறோம். புதைந்துபோன காட்டோடு ஆற்று வண்டலும், களிமண்ணும், மணலும், நிலத்தடி நீர் கொண்டுவந்த உப்புகளும் சேர்ந்தே கரியாயின. நம் நாட்டுக் கோண்டுவானாக் கரியில் இந்தக் கனிமப் பங்கு மிக அதிகம். எரித்தபின் மிஞ்சும் சாம்பல் பல சுரங்கங்களில் 30 முதல் 45 விழுக்காடு. கந்தகம் மட்டும் நல்லவேளையாகக் குறைவு.

அந்தக் கனிமங்களுக்குள் மிகச் சிறிய அளவில் ஆர்சனிக், ஈயம், காட்மியம், பாதரசம், செலினியம், குரோமியம் எல்லாம் ஒளிந்திருக்கின்றன. ஒரு டன்னுக்குச் சில கிராம், சிலவற்றில் அதிலும் குறைவு. இவ்வளவுதானே என்று தோன்றும். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். டன்னுக்கு 5 கிராம் ஆர்சனிக் உள்ள கரியை ஒரு நிலையம் நாளுக்கு 10,000 டன் எரிப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரே நாளில் 50 கிலோ ஆர்சனிக் அந்த உலைக்குள் போகிறது. ஆர்சனிக்கின் ஆக்சைடைத்தான் நம் சித்த மருத்துவர்கள் வெள்ளைப் பாஷாணம் என்றார்கள். அரிசி எடையில் அளந்து, அஞ்சி அஞ்சிக் கையாண்ட பொருள் அது.

கரிக்குள் இந்த நஞ்சுகளுக்குத் தனித்தனிக் குடியிருப்பு உண்டு. ஆர்சனிக்கும் பாதரசமும் பெரும்பாலும் பைரைட்டில், அதாவது தங்கம் போல மின்னும் இரும்புக் கந்தகக் கனிமத்தில், குடியிருக்கும். ஈயம் கலீனாவில் இருக்கும். காட்மியம் துத்தநாகக் கந்தகத்தோடு சேர்ந்திருக்கும். குரோமியம் களிமண்ணோடு ஒட்டிக்கொள்ளும். செலினியத்தில் ஒரு பங்கு கரியின் கார்பனோடேயே பிணைந்திருக்கும். நிலக்கரிச் சாம்பலில் அரிய தனிமங்கள் செறிந்து கிடப்பதை 1930-களிலேயே கோல்ட்ஷ்மிட் என்ற புவிவேதியியல் அறிஞர் எடுத்துக்காட்டினார். எந்த நஞ்சு எங்கே குடியிருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் நெருப்பில் அது எங்கே போகும் என்பது அமைகிறது. என் பேச்சின் சாரம் இதுதான். எத்தனை கிராம் நஞ்சு என்று மட்டும் கேட்டால் பாதி விடைதான் கிடைக்கும். எந்தக் கனிமத்தோடு உள்ளே போனது, எந்தக் கனிமத்தோடு வெளியே வந்தது என்றும் கேட்க வேண்டும்.

இப்போது உலைக்குள் போவோம். கரியை முகப்பவுடர் போல அரைத்துக் காற்றோடு ஊதி எரிக்கிறார்கள். உள்ளே 1,300 முதல் 1,600 டிகிரி செல்சியஸ் வெப்பம். ஒரு துகள் எரிந்து முடிவது ஓரிரு நொடியில். அந்த நொடிகளில் தனிமங்கள் மூன்று வழியாகப் பிரிகின்றன. மாங்கனீசு போன்றவை ஆவியாகாமல் சாம்பலிலேயே தங்கிவிடும். ஆர்சனிக், ஈயம், காட்மியம் போன்றவை ஆவியாகிக் கிளம்பி, புகை குளிரும்போது சாம்பல் துகள்களின் மேல் படியும். பாதரசம் பெருமளவு ஆவியாகவே புகைபோக்கி வரை போய்விடும். செலினியத்திலும் ஒரு பகுதி அப்படியே போகும்.

இரண்டாவது வழியில்தான் நமக்கு ஆபத்து அதிகம். உலர் சாம்பலை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தவர்களுக்கு அந்தக் காட்சி மறக்காது. கண்ணுக்குச் சாம்பல் நிறத் தூசியாகத் தெரிவது, அங்கே ஆயிரக்கணக்கான கண்ணாடிக் கோலிகளாகத் தெரியும். சில உள்ளீடற்ற குமிழிகள். சிலவற்றின் வயிற்றுக்குள் இன்னும் சின்னக் கோலிகள். உருகிய களிமண் துளி காற்றிலேயே உருண்டு இறுகியதால் வந்த உருவம் அது. ஆவியான நஞ்சு இந்தக் கோலிகளின் மேற்பரப்பில் பனி போலப் படிகிறது. ஒரு தேங்காயைவிட அதே எடையுள்ள கடுகுக்கு மொத்த மேற்பரப்பு எவ்வளவோ அதிகம் அல்லவா? அதனால் துகள் சிறுக்கச் சிறுக்க, கிராமுக்குக் கிராம் அது சுமக்கும் நஞ்சு கூடுகிறது. 1974-இல் நாட்டுஷ் என்பவரும் அவருடைய சகாக்களும் ‘சயன்ஸ்’ இதழில் இதை அளந்து வெளியிட்டார்கள். நுரையீரலின் ஆழம் வரை போகக்கூடிய மிகச் சிறிய துகளில்தான் நஞ்சின் செறிவு மிக அதிகம் என்று காட்டினார்கள். மின்புலத்தால் தூசி பிடிக்கும் கருவி எடைக் கணக்கில் 99 விழுக்காட்டுக்கு மேல் பிடித்துவிடும். ஆனால் ஒரு மைக்ரானுக்கும் சிறிய துகள்களிடம்தான் அதன் பிடி தளர்கிறது. தப்பிக்கும் துகள் எடையில் கொஞ்சம், நஞ்சில் அதிகம்.

இந்த இடத்தில் நம் வெண்மண் வருகிறது.

கயோலினைட்டின் தகடுகளுக்குள் நீர் பிணைந்திருக்கிறது. 100 கிராம் தூய கயோலினைட்டில் அது கிட்டத்தட்ட 14 கிராம். 500, 600 டிகிரி வெப்பம் வந்ததும் அந்த நீர் வெளியேறுகிறது. ஒழுங்காக இருந்த அடுக்கு குலைந்து, பசியெடுத்த நிலைக்கு வருகிறது. அந்த நேரத்தில் ஈயத்தின் ஆவி பக்கத்தில் வந்தால் மண் அதைப் பற்றிக்கொள்ளும். மேலே படியவிடுவதோடு நிற்காமல், தன் உடம்புக்குள்ளேயே பிணைத்துக்கொள்ளும். 1990-இல் அமெரிக்காவின் அரிசோனா பல்கலைக்கழகத்தில் உபராய், ஷட்மன் என்ற இருவர் பல கனிமங்களைச் சூடான புகையில் வைத்துச் சோதித்தார்கள். ஈயத்தைப் பிடிப்பதில் கயோலினைட் முன்னணியில் நின்றது. அடுத்துக் காட்மியத்துக்கும் அதே சோதனையைச் செய்தார்கள். அதிலும் பாக்சைட்டும் கயோலினைட்டும் நன்றாக வேலை செய்தன.

ஈயமும் இந்த மண்ணும் சேர்ந்தால் உண்டாகும் பொருள் என்ன தெரியுமா? ஈயம் கலந்த ஒரு ஃபெல்ட்ஸ்பார். எந்தக் கனிமம் மழையில் கரைந்து இந்த மண் ஆயிற்றோ, நெருப்பில் ஈயத்தைக் கட்டிக்கொண்டு மண் அந்த இனத்துக்கே திரும்பிப் போகிறது. இதை முதன்முதலில் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. இப்படிக் கல்லுக்குள் புகுந்த ஈயம் எளிதில் தண்ணீரில் கரையாது. மெல்லிய துகளின் மேல் பனியாகப் படிந்து மூச்சோடு வரவேண்டிய நஞ்சு, பெரிய துகளுக்குள் கல்லாகி அடங்குகிறது.

ஆனால் எல்லா நஞ்சுக்கும் இந்த மண் போதாது. திருமண்ணுக்கு நடுவே இடும் சிவந்த ஸ்ரீசூர்ணத்தை நினைத்துக்கொள்ளுங்கள். மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்ந்து சிவப்பது அது. உலையிலும் அந்தச் சுண்ணாம்புக்குத் தனி வேலை இருக்கிறது. கரியிலுள்ள கால்சைட் நெருப்பில் சுட்ட சுண்ணாம்பாக மாறுகிறது. அது வெள்ளைப் பாஷாண ஆவியோடு சேர்ந்து கால்சியம் ஆர்சனேட்டாகத் திடப்படுகிறது. செலினியத்தையும் பிடிக்கும், ஆனால் புகை ஓரளவு குளிர்ந்தபின் 400 முதல் 600 டிகிரிக்குள்தான் அந்தப் பிடி உறுதி. வெப்பம் கூடினால் விட்டுவிடும். பைரைட் எரிந்து மிஞ்சும் இரும்பு ஆக்சைடும் ஆர்சனிக்கைப் பிடிக்கிறது. ஆக ஈயத்துக்கும் காட்மியத்துக்கும் களிமண், ஆர்சனிக்குக்கும் செலினியத்துக்கும் சுண்ணாம்பு என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம். கந்தகப் புகை மிகுந்தால் சுண்ணாம்பு முதலில் அதோடு சேர்ந்துவிடும் என்பதையும், வெப்பம் மிஞ்சினால் களிமண் உருகி நுண்துளைகள் அடைபட்டுவிடும் என்பதையும் கூடவே நினைவில் வையுங்கள்.

மண் எப்போதும் காப்பாற்றும் என்று எண்ணிவிடக் கூடாது. சீனாவின் குவெய்ச்சோ மாகாணத்தில் நடந்ததைச் சொல்கிறேன். மழையும் குளிரும் மிகுந்த மலைநாடு அது. அறுவடையை வீட்டுக்குள் கரி அடுப்பின் மேல் தொங்கவிட்டு உலர்த்துவார்கள். அங்கே கிடைத்த சில கரிகளில் ஆர்சனிக் 3.5 விழுக்காடு வரை இருந்தது. அந்தப் புகையில் உலர்ந்த மிளகாயை உண்டு குறைந்தது 3,000 பேர் ஆர்சனிக் நோய்க்கு ஆளானார்கள். பச்சை மிளகாயில் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக இருந்த ஆர்சனிக், உலர்ந்த மிளகாயில் 500 பங்குக்கு மேல் ஏறியிருந்தது. அதே வட்டாரத்தில் ஒரு கோடிக்கு மேற்பட்டவர்களைப் பல்லையும் எலும்பையும் அரிக்கும் புளூரைடு நோய் பிடித்தது. கரித்தூளை உருண்டை பிடிக்க அவர்கள் கலந்த களிமண்ணில் புளூரின் மிகுந்திருந்ததே அதற்கு ஒரு முக்கியக் காரணம். களிமண்ணில் நீர் இருக்கும் இடத்தில் புளூரினும் உட்கார முடியும். மண் சூடாகி நீரை வெளியேற்றும்போது புளூரினும் சேர்ந்து வெளியேறுகிறது. எந்தக் குணத்தால் மண் ஈயத்தைப் பிடிக்கத் தயாராகிறதோ, அதே குணத்தால் தன்னுள் இருந்த நஞ்சை விட்டுவிடவும் செய்கிறது. பெயர் ஒன்று என்பதற்காக எல்லாக் களிமண்ணையும் ஒன்றாக எண்ணிவிட முடியாது. சோதித்துப் பார்த்துத்தான் சேர்க்க வேண்டும்.

கரியைக் கழுவிவிட்டால் தீராதா என்று கேட்பீர்கள். கழுவுவது நல்லதுதான். பைரைட் கனமானது, கரி இலேசானது. நீரில் பிரித்தால் பைரைட்டோடு ஆர்சனிக்கும் பாதரசமும் ஓரளவு ஒதுங்கும். கார்பனோடு பிணைந்த பங்கு ஒதுங்காது. அதோடு களிமண்ணும் கழுவுநீரில் போய்விடுவதால், உலைக்குள் ஈயத்தைப் பிடிக்க இருந்த கையும் குறைகிறது. ஒவ்வொரு கரிக்கும் தனித்தனியாகக் கணக்குப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

பாதரசம் மண்ணுக்கும் சுண்ணாம்புக்கும் எளிதில் வசப்படுவதில்லை. அதற்குத் தூண்டப்பட்ட கரித்தூளோ, கந்தகப் புகையை நீக்கும் சுண்ணாம்புக்கல் நீர்த்தெளிப்பு முறையோ வேண்டும். 2015 டிசம்பரில் மத்திய அரசு அனல்மின் நிலையங்களுக்குப் பாதரச வரம்பு உட்படப் புதிய அளவுகளை விதித்தது. பாதரசத்துக்கான மினமாட்டா உடன்படிக்கையை இந்தியா 2018-இல் ஏற்றது. ஆனால் 2025 ஜூலையில், கந்தகப் புகை நீக்கும் அமைப்பைக் கட்டாயம் வைக்க வேண்டும் என்ற விதியிலிருந்து பெரும்பாலான நிலையங்களுக்கு விலக்கு கொடுத்துவிட்டார்கள். நம் கரியில் கந்தகம் குறைவு என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. அந்த அமைப்பு கந்தகத்தோடு பாதரசத்திலும் செலினியத்திலும் ஒரு பங்கைச் சேர்த்தே பிடிக்கக்கூடியது. இந்த இரண்டாவது பயனைக் கணக்கில் சேர்க்காமல் முடிவெடுப்பது சரியில்லை என்பது என் உறுதியான கருத்து.

புகையில் பிடித்துவிட்டால் கதை முடிந்துவிடாது. பிடிபட்ட நஞ்சு சாம்பலில் இருக்கிறது. இந்தியாவில் ஆண்டுக்கு 20 கோடி டன்னுக்கு மேல் சாம்பல் சேர்கிறது. அதைத் தண்ணீரில் கரைத்துக் குழாய் வழியாகச் சாம்பல் குளத்துக்கு அனுப்புவது பழைய வழக்கம். ஈயம் களிமண்ணுக்குள் கல்லாகிவிட்டால் அவ்வளவாகக் கசியாது. ஆர்சனிக்கும் செலினியமும் அப்படியில்லை. நீர் பட்டால் மெல்ல இறங்கக்கூடியவை. அமெரிக்காவின் வட கரோலினாவில் பெலூஸ் ஏரி என்று ஒன்று. 1970-களில் அனல்மின் நிலையத்தின் சாம்பல் நீர் அதில் கலந்தது. அதிலிருந்த செலினியம் மீன்களின் முட்டை வரை ஏறியது. ஏரியில் இருந்த 20 வகை மீன்களில் 19 வகை அழிந்தன. நம் எண்ணூர்க் கழிமுகத்திலும், மேட்டூரிலும், ராய்ச்சூரிலும் தண்ணீரை நம்பியிருக்கும் மக்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

1999-இல் வந்த சாம்பல் பயன்பாட்டு ஆணை சொன்னதைப் போலவே, அதற்குப் பதிலாக 2021 டிசம்பரில் வந்த புதிய ஆணையும் சாம்பலைச் சிமெண்டுக்கும் செங்கல்லுக்கும் சாலைக்கும் பயன்படுத்தச் சொல்கிறது. நல்ல வழி. சிமெண்டில் இறுகிய சாம்பலில் நஞ்சும் இறுகியிருக்கும். ஆனால் பள்ளத்தை நிரப்பவும் வயலில் தூவவும் கொடுக்கும் முன், அந்தச் சாம்பலில் என்ன இருக்கிறது, எந்த வடிவில் இருக்கிறது, மழைநீரில் எவ்வளவு கசிகிறது என்ற மூன்றையும் சோதித்தாக வேண்டும்.

இங்கே வந்திருக்கும் மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். நம் நாட்டுக் கரியில் களிமண் மிகுதி. அதை வெறும் சுமை என்றே இதுவரை கணக்கிட்டு வந்திருக்கிறோம். அந்தச் சுமைக்குள் எவ்வளவு கயோலினைட், அது எவ்வளவு ஈயத்தையும் காட்மியத்தையும் பிடிக்கிறது என்று சுரங்கம் சுரங்கமாக அளக்க வேண்டிய வேலை நிறைய இருக்கிறது. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரியைத் தோண்டும்போதே வெண்களிமண்ணும் கிடைத்தது. அதைக் கழுவிப் பிரிக்க ஆலையே வைத்திருந்தார்கள். கரியும் மருந்தும் ஒரே குழியில் கிடைக்கும் நாடு நம்முடையது. வேதியியலும் புவியியலும் படிக்கும் பிள்ளைகள் இந்த வேலையைக் கையில் எடுங்கள்.

பெரியவர்களிடமும் ஒன்று கேட்கிறேன். உங்கள் ஊருக்குப் பக்கத்தில் அனல்மின் நிலையம் இருந்தால், எத்தனை மெகாவாட் என்பதோடு நின்றுவிடாதீர்கள். எரிக்கும் கரியில் ஆர்சனிக், ஈயம், பாதரசம் எவ்வளவு, சாம்பலில் எவ்வளவு, குளத்து நீரில் எவ்வளவு என்று தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுதிக் கேளுங்கள். ஊராட்சிக் கூட்டத்தில் கேளுங்கள். அந்த எண்களை நிலையத்தின் வாசலிலேயே பலகையில் எழுதி வைக்கும்படி கேளுங்கள். உலைக்குள் களிமண்ணும் சுண்ணாம்பும் தங்களால் ஆனதைச் செய்கின்றன. மிச்சத்தை அளப்பதும், அளந்ததை ஊருக்குச் சொல்வதும், தண்ணீரைக் காப்பதும் மனிதர்கள் செய்ய வேண்டிய வேலை. அதைத் தள்ளிப்போட வேண்டாம்.